டிஷ்வாஷர் வந்தாச்சு... ஈயப் பாத்திரம் ஜாக்கிரதை!

கோட்டூர்புரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் கீழே ஒரு மாமி இருக்கிறார். எழுபதைத் தொட்டவர். பத்துப் பாத்திரத்தைத் தன் கண் எதிரில் தேய்த்துக் கவிழ்த்தால்தான் அவருக்குத் திருப்தி. 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா வர முடியாமல் போயிற்று. மாமியே எல்லாவற்றையும் தேய்த்தார். இரண்டு மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெந்து, நகக்கண் வீங்கி, சாதம் பிசையவே எரிச்சல். ஊரடங்கு தளர்ந்த கையோடு மகன் ஒரு டிஷ்வாஷரை வாங்கி வந்து இறக்கிவிட்டான்.

மாமி முதலில் அதை நம்பவே இல்லை. பிறகு ஒரேயடியாக நம்ப ஆரம்பித்துவிட்டார். காபி டம்ளரில் ஆரம்பித்து, குக்கர் மூடி, தோசைக்கல், மாமியார் கொடுத்த பித்தளை அடுக்கு வரைக்கும் எல்லாம் உள்ளே போயிற்று. ஒரு நாள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இந்தக் குக்கர் மூடி ஏன் இப்படிக் கரிப்பிடிச்ச மாதிரி கறுத்துப் போச்சு? உள்ளே எலி செத்துதா என்ன?" என்று கேட்டார். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்போதே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. முதல் நாள் ராத்திரி அந்தப் பித்தளை அடுக்கில் புளிக்காய்ச்சல் செய்து, அதிலேயே மூடி வைத்திருக்கிறார். காலையில் பேரனுக்குப் புளியோதரை. சாப்பிட்ட அரை மணியில் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" இரண்டாவது கேள்வி, "அதை எந்தப் பாத்திரத்துல வெச்சிருந்தீங்க?"

வீட்டுக்கு வந்து அடுக்கைக் கவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய ஈயப் பூச்சு அடிப்பகுதியில் சுத்தமாகக் காணோம். பித்தளை பல்லை இளித்துக்கொண்டிருந்தது. பழைய பூச்சுதான், ஏற்கெனவே தேய்ந்ததுதான். ஆனால் ஒரு வருஷமாக வாரம் இரண்டு தடவை மெஷினில் வெந்ததில் மிச்சம் இருந்ததும் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் பையன் எழுந்து விளையாடப் போய்விட்டான். மாமிதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. டிஷ்வாஷர் வாங்கலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் இங்கே இல்லை. வாங்கியவர்களும், வாங்கப் போகிறவர்களும் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பாத்திரம் உள்ளே போகலாம், எது கூடாது என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மெஷின் தேய்ப்பதே இல்லை!

ஆமாம், டிஷ்வாஷருக்குள் பிரஷ் கிடையாது, நார் கிடையாது. அடியில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து, 50 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, சுழலும் இறக்கைகள் வழியாகப் பாத்திரத்தின் மேல் வேகமாகப் பீய்ச்சுகிறது. அதே தண்ணீரை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பீய்ச்சுகிறது. ஒரு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம். நாம் கையால் அழுத்தித் தேய்க்கிற வேலையை அங்கே சூடும், நேரமும், சோப்பும் செய்கின்றன.

அந்த சோப்பு நம் சிங்க்கில் இருக்கும் சோப்பு அல்ல. கை சோப்பு கையைப் பதம் பார்க்காத அளவுக்குச் சாதுவானது. டிஷ்வாஷர் பவுடரும் டேப்லெட்டும் நல்ல காரம். மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு, சுண்ணாம்பு வகைக் காரம். அதோடு கறையை வெளுக்க ஒரு ரசாயனம், மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கும் என்சைம்கள் எல்லாம் கலந்திருக்கும். கை படாத இடம் என்பதால் இவ்வளவு உக்கிரமான சரக்கைப் போட முடிகிறது. ஆகவே ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கொதிக்கக் கொதிக்க சோடா உப்புக் கரைசலில் இதை ஒரு மணி நேரம் ஊற வைத்தால் தாங்குமா?

இதில் ஒரு வேடிக்கை. உபயோகத்துக்கு வந்த முதல் டிஷ்வாஷரைச் செய்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோஸஃபின் காக்ரேன். வீட்டு வேலைக்காரர்கள் கழுவும்போது தன்னுடைய அருமையான பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்து போகின்றனவே என்ற ஆத்திரத்தில் உருவாக்கினாராம். 1886-ல் காப்புரிமை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மெஷின் ஓடியது. பாத்திரத்தைக் காப்பாற்றப் பிறந்த மெஷின் என்றே சொல்லலாம். அவர் வீட்டில் இருந்தது பீங்கான். நம் வீட்டில் இருப்பதோ பித்தளை, ஈயம், இரும்பு, அலுமினியம், மாக்கல். அங்கேதான் சிக்கல்.

ஈயத்தில் இரண்டு உண்டு

அதிக ஆபத்து இங்கே இருப்பதால் இதையே முதலில் பார்த்துவிடலாம்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எது பட்டாலும் செம்பு கரைந்து உணவில் இறங்கும். 'களிம்பு ஏறிடும்' என்று பாட்டி சொன்னது இதைத்தான். கொஞ்ச நேரத்தில் அதிகமாகச் செம்பு வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி, வயிற்று வலி. குழந்தைகளுக்குச் சீக்கிரம் வரும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஈயம் பூசுகிறோம். அந்தப் பூச்சு மெல்லியது. சூடான காரக் கரைசல் அதை மெல்ல மெல்ல அரிக்கும். வெளிப்பக்கப் பித்தளையும் பளபளப்பு போய், அங்கங்கே இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகும். துத்தநாகம் மட்டும் கரைந்துபோய்ச் செம்பு பின்தங்கி நிற்பதன் அடையாளம் அது. ஆகவே பித்தளை, செம்பு, வெண்கலம், ஈயம் பூசிய எதுவும் மெஷின் பக்கமே போகக் கூடாது. புளியும் அரப்பும் போதும்.

மெஷினே இல்லாத வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஈயப் பூச்சு உள்ள பாத்திரத்தை மாதம் ஒரு முறையாவது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தால்கூட அதில் சமைப்பதை நிறுத்திவிட்டு ஈயம் பூசக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். தமிழில் ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் உலாவுகின்றன. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசத்துக்கு மணம் தரும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. பாத்திரத்துக்குள் பூச வேண்டியதும் அதுதான். காரீயமோ விஷம். அது உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் எங்கே வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஈயச் சொம்பு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். காரீயம் வெள்ளீயத்தைப் போல ஒன்றரை மடங்கு கனம். பார்க்கச் சின்னதாக இருந்து, கை இறங்குகிற மாதிரி கனத்தால் சந்தேகப்படுங்கள். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி கறுப்பாக விழுந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் இவை சந்தேகப்படத்தான் உதவும், நிச்சயம் சொல்லாது. நிச்சயம் வேண்டுமென்றால் உலோகப் பரிசோதனைக் கூடம்தான். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு டெலிபோன் பேசப் போனவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. டிஷ்வாஷர் சூட்டில் சொம்பு உருகாது. ஆனால் காரத்தில் மங்கி, மேல்பரப்பு சொரசொரப்பாகி, அரிக்கப்படும். ஆகவே உள்ளே வேண்டாம்.

காரீயம் பித்தளைக் கடையில் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. இறக்குமதியான சில அலுமினியம், பித்தளை, அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்கக்கூடும், அவற்றை விற்காதீர்கள் என்று. அந்த அறிவிப்பில் ஹிண்டாலியம் என்ற பெயரே இருந்தது! எல்லா ஹிண்டாலியமும் விஷம் என்று அர்த்தமில்லை. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும்போது எது சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பயம். பெயரும் முகவரியும் இல்லாத வார்ப்புப் பாத்திரத்தை எடை போட்டு வாங்குவதை விட்டுவிடுவது நல்லது.

குக்கர் மூடி ஏன் கறுத்தது?

மாமியின் எலிக்கு வருவோம். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய தோல் உண்டு. அதுதான் அதற்குக் கவசம். காரம் அந்தத் தோலைக் கரைத்துவிடும். அடியில் இருக்கும் உலோகம் தண்ணீரோடு சேர்ந்து கறுக்கும். அந்தக் கறுப்பு விஷம் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் தோல் போன அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் முன்னைவிட அதிக அலுமினியம் குழம்பில் இறங்கும். கறுப்பாக, கெட்டியாகப் பூச்சுப் போட்டு வரும் அனோடைஸ்டு குக்கரும் இதற்கு விதிவிலக்கில்லை. அந்தப் பூச்சும் காரத்தில் வெளுத்துப் போகும்.

குக்கர் மூடியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கேஸ்கட் ரப்பர் சூட்டிலும் காரத்திலும் காய்ந்து விறைக்கும். வெயிட் உட்காரும் குழாயில் மெஷினுக்குள் சுற்றும் ஒரு பருப்பு மாட்டிக்கொண்டால் ஆவி போக வழியில்லை. எவர்சில்வர் குக்கராக இருந்தால் பாத்திரத்தை உள்ளே போடுங்கள். மூடி, கேஸ்கட், வெயிட் மூன்றையும் கையால் கழுவுங்கள். கழுவினதும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா பாருங்கள்.

இட்லித் தட்டு எவர்சில்வரா அலுமினியமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மிக்ஸி ஜாரின் அடியில் பேரிங்கும் வாஷரும் இருப்பதால் அது உள்ளே போனால் சீக்கிரமே ஒழுக ஆரம்பிக்கும். மூடியை மட்டும் போடலாம்.

இரும்பு தோசைக்கல், வாணலி கூடவே கூடாது. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்துப் பழகிய மேற்பூச்சை மெஷின் ஒரே தடவையில் துடைத்துவிடும். அடுத்த நாள் துரு, அதற்கடுத்த நாள் தோசை எழும்பாது. அதற்காக இரும்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இரும்பு வாணலியில் புளி சேர்த்துச் சமைக்கும்போது கொஞ்சம் இரும்பு உணவில் சேர்கிறது. இறங்கினால் நல்லது என்று சொல்லக்கூடிய ஒரே உலோகம் இதுதான்! வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். உடனே துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

கல்சட்டியும் மண்சட்டியும் சோப்பே பார்க்கக் கூடாதவை. மண் சட்டி சோப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த மீன் குழம்பில் திருப்பிக் கொடுக்கும். மாக்கல் திடீர்ச் சூட்டில் விரியும். மர அகப்பை, பூரிக் கட்டை எல்லாம் பிளக்கும். கத்தி மழுங்கும். தங்க ரேக் போட்ட பீங்கானில் தங்கம் போய்விடும். வெள்ளித் தட்டும் எவர்சில்வரும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் வெள்ளியில் கறை விழும், ஆகவே வெள்ளி தனியே. நான்ஸ்டிக்கை, தயாரிப்பாளர் 'போடலாம்' என்று எழுதியிருந்தாலும், நான் கையால்தான் கழுவுகிறேன். அடியில் இருப்பது அலுமினியம்தானே.

அப்போ என்னதான் போடுவது என்கிறீர்களா? நம் வீட்டில் முக்கால்வாசி எவர்சில்வர்தான். தட்டு, டம்ளர், டபரா, கரண்டி, சாத வடிதட்டு, காபி ஃபில்டர் எல்லாம் ஜோராகப் போடலாம். கண்ணாடி, சாதாரணப் பீங்கான் போடலாம். ஆனால் எவர்சில்வரிலும் ஜாதி உண்டு. 304 என்ற ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். உப்பைத் தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகமும் அதே பளபளப்போடு கடையில் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அதில் ஊசிப் புள்ளியாகக் குழி விழும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ரகம் என்பார்கள். நம்பாதீர்கள், அந்த மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நம்பகமான கடையில் 304 என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எந்த ரகமானாலும் ஊறுகாய், மோர் இருந்த பாத்திரத்தை ராத்திரி மெஷின் ஓடும் வரை அப்படியே வைக்காமல் ஒரு தடவை அலசிவிடுங்கள்.

நம்ம தண்ணி எப்படி?

மெஷினோடு வரும் புத்தகத்தில் மிக முக்கியமான பக்கம் தண்ணீரின் கடினத்தன்மை பற்றியது. நாம் படிக்காத பக்கமும் அதுதான்!

கோட்டூர்புரம், அடையாறு பக்கம் பெரும்பாலான குடியிருப்புகளில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் சங்கமம். ஆற்றை ஒட்டிய, கடலுக்குப் பக்கத்துப் பகுதி என்பதால் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு கரிக்கும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீர் அந்த 600-ஐயும் தாண்டும் வீடுகள் உண்டு.

மெஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும. பிடித்ததைக் கழுவித் தள்ள அதற்கு உப்பு தேவை. டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்பது அதற்குத்தான். பாத்திரத்தின் மேல் அந்த உப்பு படுவதில்லை. 'உப்புதானே' என்று சமையல் உப்பைக் கொட்டாதீர்கள். அதில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும், பொடி மணலும் அந்த அறையை அடைத்துவிடும். உப்பு நிரப்பியதும் உடனே மெஷினை ஓட விடுங்கள். சிந்திய உப்பு ராத்திரி முழுக்க உள்ளே கிடந்தால் எவர்சில்வர் சுவரே அரிக்கும்.

எந்த எண்ணில் வைப்பது? தண்ணீரைச் சோதித்து, கடினத்தன்மை எவ்வளவு மில்லிகிராம் என்று கேட்டு வாங்குங்கள். பல மெஷின்களின் புத்தகத்தில் ஜெர்மன் டிகிரி கணக்கு இருக்கும். மில்லிகிராமை 17.8-ஆல் வகுத்தால் அது வந்துவிடும். 450 என்றால் ஏறத்தாழ 25. தண்ணீரை மழைக்குப் பிறகு ஒரு தடவை, ஏப்ரல், மே மாதத்தில் ஒரு தடவை சோதியுங்கள். ஏரி வற்றினால் சம்ப்பில் போர் தண்ணீரின் பங்கு கூடிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது எத்தனை வீட்டில் குழாயில் வெள்ளைப் படலம் படிந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாதது. அந்த அறை கால்சியத்தைத்தான் எடுக்கும், கரிப்பை எடுக்காது. கரிக்கிற போர் தண்ணீர் வீட்டில் எவ்வளவு உப்புப் போட்டாலும் எவர்சில்வரில் புள்ளி விழுவது நிற்காது. அங்கே மெட்ரோ தண்ணீர்க் குழாயை மெஷினுக்குத் தனியாகக் கொடுக்க முடியுமா பாருங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேமித்து டிஷ்வாஷருக்கு விடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். உப்பெல்லாம் குவிந்திருப்பதே அந்தத் தண்ணீரில்தான்! மாப் போடலாம், பாத்திரத்துக்கு வேண்டாம்.

மேல் மாடிக்காரர்கள் வாங்குமுன் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 1 பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழ் வீட்டில் 3 மீட்டர்தான், 0.3 பார்தான் கிடைக்கும். சில மெஷின்களுக்கு அது போதாது.

தண்ணீர் மிச்சமாகுமா என்றால், ஆகும். ஒரு தடவை ஓட 10 முதல் 15 லிட்டர் போதும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில், 12 பேர் சாப்பிட்ட பாத்திரத்தைப் பல நாட்டினரைக் கையால் கழுவச் சொல்லி அளந்தபோது சராசரி 100 லிட்டரைத் தாண்டியது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் அப்படித்தான். ஒரு வாளித் தண்ணீரில் காரியத்தை முடிக்கும் நம் ஊர் அம்மாக்களை அவர்கள் அளந்து பார்க்கவில்லை.

அடுக்குவதில் கொஞ்சம் வித்தை

பாத்திரத்தை முழுக்கக் கழுவிவிட்டு மெஷினில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மெஷின் எதற்கு? கருவேப்பிலை, கடுகு, முருங்கைச் சக்கையை வழித்துப் போட்டால் போதும். இரண்டு விதிவிலக்கு. பால் பாத்திரத்தையும் இட்லி மாவுப் பாத்திரத்தையும் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். வெந்நீர் முதலில் பட்டால் பால் ஆடை ஒட்டிக்கொள்ளும், மாவு கஞ்சியாகி இறுகும்.

எல்லாப் பாத்திரமும் வாய் கீழே பார்க்க, கொஞ்சம் சாய்ந்து இருக்க வேண்டும். டபராவுக்குள் டபராவைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது அப்படியே அழுக்காக வரும். இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டி போதும், அது நின்றுவிடும். பிளாஸ்டிக் மேல் தட்டில். மஞ்சள் பட்ட பிளாஸ்டிக் டப்பா ஆரஞ்சு கலரில் வெளியே வந்தால் அலற வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவக்கும், சோப்புக் கையில் மஞ்சள் துணி சிவப்பதைப் பார்த்திருப்பீர்களே. வெயிலில் இரண்டு நாள் வைத்தால் கறை மங்கிவிடும்.

கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து போக உதவும் திரவம் அது. 2022 டிசம்பரில் வெளியான சூரிச் பல்கலைக்கழக ஆய்வு, ஓட்டல்களில் உபயோகிக்கும் அதிவேக மெஷின்களின் ரின்ஸ் எய்ட் பாத்திரத்தில் தங்கி, குடலின் உட்சுவர் செல்களைப் பாதிக்கக்கூடும் என்று சோதனைக் கூடத்தில் காட்டியது. வீட்டு மெஷின் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் அளவைக் குறைந்த எண்ணில் வையுங்கள். கண்ணாடி டம்ளரில் நீலம் பாய்ந்த கோடு தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். கைக்குழந்தை பாத்திரங்களை வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடலாம், தப்பில்லை.

மெஷின் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது பெரிய மூடநம்பிக்கை. 2011-ல் ஸ்லோவேனியாவின் ல்யூப்ளியானா பல்கலைக்கழகத்தினர் பல நாட்டு வீடுகளின் டிஷ்வாஷர் கதவு ரப்பரைத் துடைத்துச் சோதித்தார்கள். பத்தில் ஆறில் பூஞ்சை! அதிலும் சூட்டையும் காரத்தையும் தாங்கும் கறுப்பு ஈஸ்ட். ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நுரையீரல் நோயாளி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் கவனம் தேவை. ஃபில்டரைத் தினம் கழற்றிக் கழுவுங்கள். கதவு ரப்பரைத் துடையுங்கள். ஓடி முடித்ததும் கதவை ஒருக்களித்துத் திறந்து உலர விடுங்கள். முடிந்த உடனே முகத்தை நீட்டித் திறக்காதீர்கள், ஆவி அடிக்கும். மாதம் ஒரு தடவை இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பை உள்ளே போட்டு, பாத்திரமில்லாமல் அதிகச் சூட்டில் ஓட விடுங்கள்.

டேப்லெட் மிட்டாய் மாதிரி கலர் கலராக இருக்கிறது. குழந்தை வாயில் போட்டால் தொண்டையைப் புண்ணாக்கிவிடும். சிங்க்குக்கு அடியில் வைக்காமல், எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எலுமிச்சைச் சாறு கொடுத்து முறிக்கிறேன் என்று இறங்காதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம்.

கை கழுவும் பாத்திரங்கள் எப்படியும் மிச்சம் இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா அவற்றைத் தேய்க்கிறார் என்றால் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு நாலு வீட்டில் தண்ணீரில் ஊறும் கை அது. நகக்கண்ணில் சீழ் கட்டுவதும், விரலிடுக்கு வெந்து போவதும் நமக்கு மட்டும் வருகிற நோய் இல்லையே.

மாமி மெஷினை ஒதுக்கிவிடவில்லை. அதன் கதவுக்கு மேலே பேரன் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: 'அடுக்கு, சொம்பு, குக்கர் மூடி, தோசைக்கல், மிக்ஸி ஜார் - உள்ளே வரக்கூடாது.' அடுக்குக்கு ஈயம் பூச ஆள் தேடி மயிலாப்பூர்ப் பாத்திரக் கடைகளில் விசாரித்தார். ஒரு கடைக்காரர் பெரியவர் ஒருவரைச் சொன்னார். நவச்சாரம் தூவி, நெருப்பில் காய்ச்சி, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றி, அடுக்கு கண்ணாடி மாதிரி ஆனபோது மாமி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஈயக் கட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "வெள்ளீயம்தானே?" என்று மூன்று தடவை கேட்டார். பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது.